வெப்ப வாரம் 7 காட்டுகிறது, பாதிப் பவளம் நிறம் மாறாமல் நிற்கிறது: எதை நம்புவது?

#1 அலைவாய்

மூன்று கேள்விகள். மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதால் ஒரே இழையில் கேட்கிறேன்.

ஒரு பவளத்திட்டின் ஏழு வாரச் சராசரி வெப்பநிலை டிகிரி செல்சியஸில்: 29.6, 30.2, 30.5, 30.8, 30.4, 29.9, 30.1. அந்த இடத்தின் மிகச் சூடான மாதத்தின் நீண்டகாலச் சராசரி 29.0. அதற்கு ஒரு டிகிரி மேலே, அதாவது 30.0, வெளிறல் வரம்பு, பவளம் நிறமிழந்து வெளுக்கக்கூடிய அளவு. வரம்புக்கு மேலே போனதைக் கூட்டினால் 0.2 + 0.5 + 0.8 + 0.4 + 0.1 = 2.0 வருகிறது. ஆனால் அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவின் பவளத்திட்டுக் கண்காணிப்புப் பக்கம் அதே இடத்துக்கு, திரண்ட சூட்டைச் சொல்லும் 'டிகிரி வெப்ப வாரம்' 7 என்கிறது. எங்கே தவறு?

இரண்டாவது, 7 என்பது பெரிய எண். ஆனால் அதே வாரத்துப் புகைப்படங்களில் கிளைப்பவளம் பளீரென்று வெளுத்திருக்க, ஒரு மீட்டர் தள்ளி உருண்டைப் பவளம் பழுப்பாகவே நிற்கிறது. ஏன்?

மூன்றாவது, வெளுத்ததை எல்லாம் இறந்தது என்று பதியலாமா? பலர் அப்படித்தான் பதிகிறார்கள்.

#2 தரவுமணி

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

30.0 என்பது வாசற்படி மட்டுமே. ஒரு வாரத்தைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய அது. படியைத் தாண்டிவிட்டால் கூட்ட வேண்டியது 30.0க்கு மேலுள்ளதை அல்ல, 29.0க்கு மேலுள்ள முழு அளவையும். ஆக 1.2 + 1.5 + 1.8 + 1.4 + 1.1 = 7.0. முதல் வாரத்தின் 0.6உம் ஆறாம் வாரத்தின் 0.9உம் ஒரு டிகிரியை எட்டவில்லை, அதனால் சேராது. அவற்றையும் சேர்த்து 8.5 என்று எழுதுகிறவர்களும் உண்டு. உங்கள் பிழையைப் போலவே அதுவும் எச்சரிக்கை நிலையையே மாற்றிவிடும்.

இப்போது நோவா கணக்கிடுவது நாள்தோறும். கடைசி 84 நாட்களில் ஒரு டிகிரியோ அதற்கு மேலோ கூடிய நாட்களின் மிகுதியைக் கூட்டி 7ஆல் வகுக்கிறார்கள். 12 வாரத்துக்கு முந்தைய சூடு கணக்கிலிருந்து உதிர்ந்துவிடும். ஆகவே நீர் குளிர்ந்த பிறகும் எண் சில வாரம் உயரத்திலேயே நிற்கும், பிறகு சரியும். சரிவதைப் பார்த்துவிட்டு 'பவளம் தேறிவிட்டது' என்று எழுதாதீர்கள். அது அந்த 12 வாரச் சன்னல் நகர்ந்ததன் விளைவு. ஒவ்வொரு ஆண்டுக்கும் அந்த ஆண்டின் உச்ச எண்ணைக் குறித்து வையுங்கள், ஒப்பிட உதவுவது அதுதான்.

நிலைகள்: 4ஐத் தொட்டால் எச்சரிக்கை நிலை 1, குறிப்பிடத்தக்க வெளிறலை எதிர்பார்க்கலாம். 8ஐத் தொட்டால் நிலை 2, கடும் வெளிறலும் சாவும். முன்பு அதோடு முடிந்தது. 2023இன் சூட்டில் 8ம் 20ம் வரைபடத்தில் ஒரே நிறத்தில் தெரிந்தன, அதனால் அந்த ஆண்டு டிசம்பரில் 12, 16, 20 என்று மேலும் மூன்று நிலைகளைச் சேர்த்தார்கள். நிலை 5 என்றால் பெரும்பாலான பவளமும் போய்விடக்கூடும் என்று பொருள்.

இன்னொன்று. செயற்கைக்கோள் கட்டம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சதுரம், அளப்பது இரவு நேர மேற்பரப்பு வெப்பநிலை. பகலில் ஆழமற்ற களப்பில் நீர் எவ்வளவு கொதிக்கிறது என்பது அதில் வராது.

#3 நீரடி

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எண்ணும் சரி, படமும் சரி. வெப்ப வாரம் என்பது அந்தக் கட்டத்து நீர் தாங்கிய சூட்டின் அளவு. பவளத்துக்கு என்ன ஆயிற்று என்பதை அது அளப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் நிறைய இருக்கிறது.

முதலில் வெளிறல் நடக்கும் விதம். பவளத் திசுவின் உயிரணுக்களுக்குள் ஜூசாந்தெல்லே என்ற நுண்பாசி வாழ்கிறது. ஒளிச்சேர்க்கையால் அது தயாரிக்கும் உணவில் பவளத்துக்குத் தேவையான ஆற்றலில் 90 சதவீதம் வரைகூடக் கிடைத்துவிடும். நிறமும் பெரும்பாலும் அதனுடையதே. நீர் சூடாகும்போது பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம், குறிப்பாக ஒளித்தொகுதி 2, பழுதாகிறது. ஆனால் வெளிச்சம் வந்துகொண்டே இருக்கிறது. செலவழிக்க முடியாத அந்த ஒளியாற்றல் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளாக மாறித் திசுவைச் சிதைக்கிறது. பவளம் பாசியை வெளியேற்றுகிறது, கண்ணாடி போன்ற திசுவுக்கு அடியில் வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு தெரிகிறது.

ஆக, வெளிறலுக்கு வெப்பம் மட்டும் போதாது. வெப்பமும் வெளிச்சமும் கூட வேண்டும். ஒரே பவளத்தின் மேற்பகுதி வெளுத்து, நிழல் விழும் பக்கவாட்டு பழுப்பாக இருப்பது இதனால்தான். காற்று அடங்கி, கடல் கண்ணாடிபோல் தெளிந்து, மேகமும் இல்லாத வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. 2016இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் தென்பகுதி தப்பியதற்கு முக்கியக் காரணம், வலுவிழந்த வின்ஸ்டன் புயல் கொண்டுவந்த மேகமும் மழையும். வடபகுதிக்கு அந்த நிழல் கிடைக்கவில்லை.

அடுத்து இனம். மெல்லிய திசுவும் வேகமான வளர்ச்சியும் கொண்ட கிளைப்பவளங்களான அக்ரோபோரா, போசிலோபோரா முதலில் வெளுக்கும். தடித்த திசுவுள்ள உருண்டைப் போரைட்ஸ் கடைசி வரை நிற்கும். உங்கள் படத்தில் இருப்பது அநேகமாக இதுதான்.

மூன்றாவது உள்ளே இருக்கும் பாசியின் வகை. டுரூஸ்டினியம் வகை குடியிருந்தால் ஒன்று முதல் ஒன்றரை டிகிரி வரை கூடுதலாகத் தாங்கும். அதற்கு விலை உண்டு, வளர்ச்சி மெதுவாகும். நான்காவது நீரின் சத்து. கரையிலிருந்து நைட்ரஜன் அதிகமாக வந்து பாஸ்பேட் பற்றாக்குறையானால் அதே பவளம் இன்னும் குறைந்த சூட்டிலேயே வெளுக்கும். கழிவுநீரைக் கட்டுப்படுத்துவது வெப்பத்தைக் குறைக்காது, ஆனால் தாங்கும் எல்லையைக் காப்பாற்றும்.

#4 உப்புக்காற்று

மூணாவது கேள்விக்கு நேரா சொல்லிடறேன்: பதியக் கூடாதுங்க. வெளுத்தது வேற, செத்தது வேற. வெளுத்த பவளம் பசியில கிடக்கு, அவ்வளவுதான். சூடு சீக்கிரம் இறங்கினா சில வாரத்துல இருந்து சில மாசத்துக்குள்ள நிறம் திரும்பிடும்.

கிட்டப் போய்ப் பாருங்க. திசு இருந்தா கூட்டுக்குழி மேல ஒரு வழவழப்பான படலம் தெரியும், பாலிப்போட, அதாவது குழிக்குள்ள இருக்கிற குட்டி உயிரோட, உணர்கொம்பு தெரியும். கேமராவுல மேக்ரோ வெச்சு எடுத்தா சந்தேகமே வராது. செத்துட்டா குழி விளிம்பு கூர்மையா, காய்ஞ்ச சுண்ணாம்பு மாதிரி இருக்கும். சில நாள்லயே மெல்லிய பச்சை, பழுப்புப் பாசி படிய ஆரம்பிச்சுடும். சில மாசத்துல அது புல் மாதிரி ஆகிடும். அப்புறம் போய்ப் பார்த்தா எப்ப செத்தது, எதனால செத்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அதனாலதான் காலத்தோட போகணும்னு திரும்பத் திரும்பச் சொல்றது.

வெள்ளையா தெரியறது எல்லாம் வெளிறலும் இல்ல. நாலு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும்:

வெளிறல்னா உச்சியில ஆரம்பிச்சு மெதுவா மங்கும், கூர்மையான கோடு இருக்காது, பக்கத்துல இருக்கிற பல இனத்துலயும் தெரியும். முள்முடி நட்சத்திர மீன் தின்ன இடம் திட்டுத் திட்டா இருக்கும், திசு சுத்தமா இருக்காது; சுத்துமுத்தும் பாறை அடியில தேடினா ஆளு ஒளிஞ்சிருக்கும். பவளம் தின்னுற ட்ருபெல்லா நத்தைன்னா கிளையோட அடியில இருந்து மேல ஏறும், கிளைக்கு நடுவுல சின்ன நத்தைக் கூட்டம் இருக்கும். நோய்னா உயிருள்ள திசுவுக்கும் வெள்ளைக் கூட்டுக்கும் நடுவுல தெளிவான ஒரு கோடு, அது நாளுக்கு நாள் நகரும்.

இன்னொரு ஏமாத்து: சில பவளம் வெளுக்கும்போது ஊதா, நீலம், இளஞ்சிவப்புன்னு ஒளிரும். அழகா இருக்கேன்னு 'நலம்'னு எழுதிடாதீங்க. பாசி போனதும் உள்ள வெளிச்சம் அதிகமாகுது, அதுக்குப் பதிலா பவளம் தானே தயாரிக்கிற ஒளிரும் நிறமி அது. அதுவும் அழுத்தத்தோட அடையாளம்தான். அக்ரோபோராவோட கிளை நுனி எப்பவுமே வெளிர்ந்துதான் இருக்கும், அது வளர்ற நுனி. அதை வெளிறல்னு எண்ணிடாதீங்க.

#5 தரவுமணி

உப்புக்காற்று சொன்னதற்கு ஒரு பின்னிணைப்பு. 'வெளுத்தால் சாவு தாமதமாக, பசியால்தான் வரும்' என்று வைத்துக்கொள்ளவும் முடியாது. 2016இல் பெருந்தடுப்புத் திட்டில் வெப்ப உச்சத்திலேயே, இரண்டு மூன்று வாரங்களுக்குள், சூட்டினால் நேரடியாக இறந்த பவளம் ஏராளம். பிறகு மாதக்கணக்கில் மெல்ல இறந்தவை தனி. மார்ச் முதல் நவம்பர் வரையான அந்த ஒன்பது மாதத்தில் மொத்தத் திட்டின் ஆழமற்ற பகுதிப் பவளத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் போனது. 6 வெப்ப வாரத்தைத் தாண்டிய இடங்களில் எந்த இனம் எவ்வளவு என்ற சேர்க்கையே குலைந்தது. ஆகவே உங்கள் 7ஐ 'நிலை 2ஐ எட்டவில்லையே' என்று லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

#6 அலைவாய்

மிகத் தெளிவாகிவிட்டது, நன்றி. தொடர்கேள்வி: அதே திட்டில் 3 மீட்டர் ஆழத்தில் வைத்த பதிவுக்கருவி மதியத்தில் 31.9 காட்டுகிறது. செயற்கைக்கோள் 30.8ஐத் தாண்டவில்லை. கருவித் தரவை வைத்து வெப்ப வாரத்தைக் கணக்கிட்டால் 14 வருகிறது. பவளம் உணர்வது கருவி காட்டும் சூட்டைத்தானே, அதுதானே சரி?

#7 தரவுமணி

கருவி வைத்தது மிகச் சரி. கணக்குதான் தவறு. இது எல்லோரும் விழும் குழி என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

29.0 என்ற அடிப்படை, செயற்கைக்கோளின் இரவு வெப்பநிலையிலிருந்து வந்தது. 1985 முதல் 2012 வரையான தரவைக் கொண்டு கட்டியது. நீங்கள் கழிப்பதோ பகலும் இரவும் கலந்த, 3 மீட்டர் ஆழத்துக் கருவி எண்ணிலிருந்து. ஒரு தராசில் நிறுத்ததை இன்னொரு தராசின் படிக்கல்லால் கழிப்பதுபோல் ஆகிறது. சரிசெய்ய, கருவியின் இரவுநேர அளவுகளை மட்டும் எடுங்கள். குறைந்தது ஓராண்டுக்கு அதே நாட்களின் செயற்கைக்கோள் எண்ணோடு ஒப்பிட்டு, மாதவாரியாகச் சராசரி வேறுபாட்டைக் கண்டுபிடியுங்கள். அந்த வேறுபாட்டைக் கழித்த பிறகே 29.0ஐத் தொட வேண்டும். ஓராண்டுத் தரவு இல்லையென்றால் வெப்ப வாரம் கணக்கிடாமல் கருவி எண்ணை அப்படியே, தனியாக, வெளியிடுங்கள். அதற்கும் மதிப்பு உண்டு.

31.9 என்பதே உண்மையா என்றும் பார்க்க வேண்டும். ஆழமற்ற நீரில் வெயில் நேராகப் பட்டால் கருவியின் பிளாஸ்டிக் உடலே சூடாகிவிடும். நீரைவிட அது கூடுதலாகக் காட்டும். அறிகுறி: தெளிந்த நாட்களில் மட்டும், உச்சி வெயிலைச் சுற்றி மட்டும் கூர்மையான முகடு. துளையிட்ட வெள்ளை பிவிசி குழாய்க்குள் வைத்து, நீர் தடையின்றி ஓடும்படி, பவளத்தின் உயரத்திலேயே கட்டுங்கள். கறுப்பு உறை வேண்டாம்.

இறக்குமுன் சோதனை: நன்னீர்ப் பனிக்கட்டியை நொறுக்கி, அதே நன்னீரைக் கொஞ்சம் விட்டுக் கூழாக்கி, கிளறிக்கொண்டே கருவியை 20 நிமிடம் வையுங்கள். 0.0 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் விலகலைக் குறித்து வைத்துப் பிறகு எல்லா அளவிலும் கழியுங்கள். மலிவான கருவிகளின் துல்லியம் கூட்டியோ குறைத்தோ 0.5 டிகிரி, ஒரு டிகிரிக்காக இவ்வளவு பேசும் இடத்தில் அரை டிகிரிப் பிழை எவ்வளவு பெரியது என்று நினைத்துப் பாருங்கள். 0.2 டிகிரித் துல்லியம் கொண்டது வாங்க முடிந்தால் அதுவே மேல். எடுத்த பிறகும் அதே பனிச் சோதனையைச் செய்யுங்கள், காலப்போக்கில் கருவி நகர்ந்ததா என்று அப்போதுதான் தெரியும்.

#8 பாய்மரம்

அளப்பது, பதிவது எல்லாம் சரி. ஆனால் இவ்வளவு தெரிந்த பிறகு கைகட்டி நிற்பதா? கிளைகளை வெட்டி நட்டுப் பவளத் தோட்டம் போடும் வேலையை ஏன் யாரும் குறிப்பிடவில்லை? சூடு தாங்கியவற்றை மட்டும் எடுத்து நட்டால் பத்தாண்டில் திட்டு திரும்பிவிடும் அல்லவா?

#9 நீரடி

நடலாம். எதை, எப்போது, எங்கே என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் சட்டம்: கல்பவளங்கள், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் உள்ளவை, பல நாடுகளில் உள்நாட்டுச் சட்டமும் தடுக்கிறது. அனுமதி இல்லாமல் ஒரு கிளையையும் தொடாதீர்கள்.

வெட்டுத்துண்டு 5 முதல் 10 சென்டிமீட்டர் இருக்கட்டும். அதைவிடச் சிறியதைக் கிளைப்பவளத்தில் பாசியும் மீனும் எளிதில் தீர்த்துவிடும். தாய்ப்பவளத்தில் சிறுபகுதிக்கு மேல் எடுக்க வேண்டாம். நாற்றங்காலில் பிவிசி அல்லது கண்ணாடியிழைக் குழாயில் மரம்போல் கட்டி, தூண்டில் நரம்பில் தொங்கவிடுவது நல்ல முறை. மணல் படியாது, நத்தை ஏறாது, நீர் எல்லாப் பக்கமும் ஓடும். நரம்பிலும் குழாயிலும் படியும் பாசியைத் தவறாமல் சுரண்ட வேண்டும். அதை விட்டால் பாசி பவளத்தை மூடிவிடும், தோட்டங்கள் தோற்பதற்கு அலுப்பூட்டும் ஆனால் மிகப் பொதுவான காரணம் இதுதான்.

பாறையில் நடும்போது கம்பி பிரஷால் பாசியைத் தேய்த்து வெண்பாறை தெரியும்வரை சுத்தம் செய்து, எப்பாக்சி பசையோ சிமெண்டோ வைத்து அழுத்துங்கள். துண்டு ஒரு மில்லிமீட்டர்கூட ஆடக் கூடாது. ஆடினால் திசு பாறைமேல் படர்ந்து பிடிக்காது. உரசி உரசி அடியே செத்துவிடும். உருண்டை இனங்களுக்கு வேறு வழி: வைரவாளால் ஒரு சதுர சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்கி, ஒரே தாயின் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவது. அவை வேகமாகப் படர்ந்து ஒன்றோடொன்று இணைந்துகொள்ளும். வெவ்வேறு தாயின் துண்டுகளை அப்படி ஒட்டினால் இணையாது, சண்டையிடும்.

கோடை உச்சத்தை ஒட்டி வெட்டவோ நடவோ கூடாது. காயம் ஆற ஆற்றல் வேண்டும். அந்த நேரத்தில் அது இருக்காது. நீர் குளிரத் தொடங்கிய பிறகு நட்டு, அடுத்த கோடைக்குமுன் காலூன்ற நேரம் கொடுங்கள்.

'தாங்கியவற்றை மட்டும்' என்பதில் இரண்டு ஆபத்து. ஒரே தாயின் நகல்களாகத் தோட்டம் நிரம்பினால் ஒரு நோய் எல்லாவற்றையும் கொண்டுபோகும். தன் நகலோடு கருவுறாது என்பதால் முட்டையிட்டும் பயனில்லை. ஒவ்வொரு இனத்திலும் பல தாய்களை எண்ணிட்டுக் கலந்து நடுங்கள். இரண்டாவது, அந்தத் தாய் நிழலில் இருந்ததால் தப்பியதா, மரபிலேயே தாங்கும் தன்மை உள்ளதா என்று பார்வையில் தெரியாது.

கடைசியாக அளவு. 2023 கோடையில் புளோரிடாவில் கடல் நாற்றங்கால்களில் இருந்த பவளத்தையே அவசரமாகத் தூக்கிக் கரையிலுள்ள தொட்டிகளுக்குக் கொண்டுபோனார்கள். பல ஆண்டாக நட்டவை பெருமளவில் போயின. ஆகவே 'பத்தாண்டில் திட்டு திரும்பிவிடும்' என்பதை நான் ஏற்கவில்லை. இன்றைய நடவு சதுர மீட்டர்களில் நடக்கிறது, சூடு வருவது ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர்களில். மரபு வகைகளைக் காப்பாற்றி வைக்க நடுங்கள். கார்பனைக் குறைப்பதற்கு மாற்றாக நடுகிறோம் என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

#10 பாய்மரம்

ஏற்கிறேன், கடைசி வரியை மட்டும் ஒரு கேள்வியோடு. பெருந்தடுப்புத் திட்டின் வடக்கிலும் நடுவிலும் 2022இல் பவளப் பரப்பு 36 ஆண்டுக் கண்காணிப்பிலேயே மிக அதிகம் என்று ஆஸ்திரேலியக் கடலியல் நிறுவனமே சொன்னது. தானாகவே திரும்புகிறதே?

#11 நீரடி

திரும்பியது உண்மை, மகிழவும் வேண்டியதுதான். ஆனால் எது திரும்பியது என்று அதே அறிக்கையில் படியுங்கள்: பெரும்பகுதி வேகமாக வளரும் அக்ரோபோரா. சூட்டுக்கும் புயலுக்கும் முள்முடி நட்சத்திர மீனுக்கும் முதலில் பலியாகும் இனமும் அதுவே. 2024 வெளிறலுக்குப் பிறகு வெளியான 2025 அறிக்கையில் வடக்கிலும் தெற்கிலும் அவர்கள் கண்காணிக்கத் தொடங்கியதிலிருந்து பார்த்த மிகப் பெரிய ஓராண்டுச் சரிவு பதிவானது. ஏற்றமும் இறக்கமும் இப்படிப் பெரிதாவதே கவலைக்குரியது. பரப்பு சதவீதத்தை மட்டும் எழுதுவது போதாது, இனவாரியாக எழுதுங்கள்.

வேகமான இனங்கள் பழைய நிலைக்கு வரவே 10 முதல் 15 ஆண்டு வேண்டும். 1980களின் தொடக்கத்தில் ஒரே இடத்தில் கடும் வெளிறல் 25 முதல் 30 ஆண்டுக்கு ஒருமுறை. 2016ஐ ஒட்டி அது ஏறத்தாழ 6 ஆண்டுக்கு ஒருமுறை ஆகிவிட்டது. உலகளாவிய வெளிறல் 1998, 2010, 2014–2017, பிறகு 2023இல் தொடங்கி 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட நான்காவது. இடைவெளியைப் பாருங்கள்.

#12 சுண்ணக்கல்

யாரும் வேதியியலைத் தொடவில்லை, அதனால் நுழைகிறேன். மனிதர் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் கால்பங்குக்கு மேல் கடல் எடுத்துக்கொள்கிறது. அது நீரோடு சேர்ந்து ஹைட்ரஜன் அயனியை விடுவிக்கிறது. அந்த அயனி கார்பனேட்டைப் பிடித்து பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. பவளம் கூடு கட்டக் கால்சியத்தோடு சேர்க்க வேண்டிய பொருளே அந்தக் கார்பனேட். ஆக, கடல் 'அமிலமாகிவிட்டது' என்பதல்ல விஷயம். பிஹெச் இன்னும் 8.1 அருகில்தான், காரப் பக்கம்தான். கட்டுமானப் பொருள் குறைகிறது, அதுவே விஷயம்.

பிஹெச் மடக்கை அளவுகோல் என்பதை மறந்து '0.1 தானே' என்று எழுதுகிறார்கள். 0.1 இறங்கினால் ஹைட்ரஜன் அயனி 26 சதவீதம் கூடுகிறது. தொழிற்புரட்சிக்கு முன்பிலிருந்து இதுவரையான இறக்கம் அதைவிடச் சற்று அதிகம், அதனால்தான் 30 சதவீதம் என்கிறார்கள்.

அளப்பதில் நடக்கும் பிழை: மருந்துக்கடை பிஹெச் 4, 7, 10 கரைசலால் சரிசெய்த கண்ணாடி மின்முனையைக் கடலில் இறக்குவது. அந்தக் கரைசல்கள் நன்னீர் உப்புச்செறிவு கொண்டவை, கடல்நீரின் உப்பில் மின்முனை வேறுவிதமாக நடந்துகொள்ளும். கடல்நீர் போன்ற உப்பில் தயாரித்த, டிரிஸ் என்ற சரிசெய்யும் கரைசல் வேண்டும், அல்லது மெட்டா கிரெசால் பர்ப்பிள் சாயத்தால் நிறமாலைமானியில் அளக்க வேண்டும். எந்த அளவுகோல் என்பதையும், வெப்பநிலை, உப்புத்தன்மை இரண்டையும் கூடவே எழுதாத பிஹெச் எண்ணால் பயனில்லை.

மாதிரி எடுத்து வைப்பதானால் 250 மில்லிலிட்டர் போரோசிலிகேட் கண்ணாடிப் புட்டி. குழாயை அடிவரை விட்டுக் குமிழி இல்லாமல் நிரப்பி வழியவிடுங்கள். நீர் விரிவடைய 1 சதவீத இடம் விட்டு, செறிந்த பாதரசக் குளோரைடு கரைசல் 0.05 மில்லிலிட்டர் சேர்த்து மூடுங்கள். இல்லையென்றால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் மூச்சுவிட்டே எண்ணை மாற்றிவிடும். பாதரசக் குளோரைடு கடும் நஞ்சு; கையுறை, பெயர்ச்சீட்டு, தனிக் கழிவுக்கலம் மூன்றும் கட்டாயம்.

#13 அலைவாய்

அப்படியானால் காரத்தைச் சேர்த்து ஈடுகட்ட முடியாதா? பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் நாள்தோறும் செய்வது அதுதானே.

#14 சுண்ணக்கல்

தொட்டியில் முடியும். கடலில் ஒருமுறை செய்து பார்த்திருக்கிறார்கள். 2014இல் பெருந்தடுப்புத் திட்டின் ஒன் ட்ரீ தீவில், ஒரு திட்டுத்தளத்தின்மேல் ஓடும் நீரில் சோடியம் ஹைட்ராக்சைடு கலந்து, காரத்தன்மையைக் கூட்டி, நீரின் வேதியியலைத் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலைக்கு அருகில் கொண்டுபோனார்கள். சுண்ணாம்பு படிதல் ஏறத்தாழ 7 சதவீதம் கூடியது. பிறகு அதே தீவில் மாறாகக் கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்து நூற்றாண்டு இறுதி நிலையை உண்டாக்கியபோது 34 சதவீதம் குறைந்தது. முதல் சோதனையின் பொருள், அமிலமாதல் ஏற்கெனவே பவளத்தின் வளர்ச்சியைத் தின்றுகொண்டிருக்கிறது என்பதே. மருந்து கிடைத்துவிட்டது என்று அதைப் படிக்கக் கூடாது. நீர் ஓடிக்கொண்டே இருக்கும், கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

நீண்டகாலத்தில் என்ன ஆகும் என்பதற்குப் பப்புவா நியூ கினியில் கடலடி எரிமலை வாயு கசியும் இடங்கள் சாட்சி. பிஹெச் 7.8ஐ நெருங்கும் பகுதியில் பவளம் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் உருண்டைப் போரைட்ஸ். கிளைகள் குறைந்து மீன்குஞ்சு ஒளியும் இண்டு இடுக்கு மறைந்துவிட்டது. 7.7க்குக் கீழே திட்டு வளர்ச்சியே நின்றுவிடுகிறது.

#15 பாய்மரம்

சூரியத்தடுப்புக் களிம்பைத் தடை செய்வது எவ்வளவு உதவும்? ஹவாய் 2021இலேயே களிம்பிலுள்ள ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருளைத் தடுத்துவிட்டதே.

#16 நீரடி

குளிப்போர் கூட்டம் அதிகமாகவும் நீரோட்டம் குறைவாகவும் உள்ள விரிகுடாவில் தவிர்ப்பது நல்லது, நட்டமில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆளே இல்லாத திட்டுகளும் வெளுக்கின்றன. பசிபிக்கின் ஜார்விஸ் தீவில் குடியிருப்பு இல்லை. 2015–16 சூட்டில் அங்கே 95 சதவீதத்துக்கு மேல் பவளம் இறந்தது.

#17 அலைவாய்

எல்லாவற்றையும் வைத்து ஒரு கண்காணிப்புத் திட்டம் போட்டிருக்கிறேன், திருத்துங்கள். 100 மீட்டர் நாடா, அதில் 20 மீட்டர் கொண்ட 4 பகுதி, நடுவே 5 மீட்டர் இடைவெளி. ஒவ்வொரு அரை மீட்டருக்கும் நேர் கீழே என்ன என்று பதிவு, பகுதிக்கு 40 புள்ளி, மொத்தம் 160. கூடவே குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் நிற அட்டையால் 20 பவளம். கோடை உச்சத்தில் ஒருமுறை, ஓராண்டு கழித்து ஒருமுறை.

#18 உப்புக்காற்று

நாடா சரி, புள்ளி சரி. காலம்தான் சரியில்லைங்க. மூணு தடவை வேணும்: கோடைக்கு முன்னாடி, வெப்ப வாரம் உச்சத்துல இருக்கும்போது, அப்புறம் ஆறு மாசம் கழிச்சு. முதல் தடவை இல்லாட்டி எவ்வளவு போச்சுன்னு சொல்ல அடிப்படை இல்ல. ஓராண்டு விட்டுட்டா புல்பாசி மூடின கூட்டைப் பார்த்து இந்த வருஷம் செத்ததா முன்னாடியே செத்ததான்னு முழிக்கணும்.

அட்டை வைக்கும்போது: நீருக்கு அடியிலயே, பவளத்துக்குப் பக்கத்துல வெச்சுப் பார்க்கணும், படத்தை வெச்சுக் கரையில ஒப்பிடக் கூடாது. டார்ச் போட்டா எல்லாத்துக்கும் போடணும், இல்லன்னா எதுக்கும் போடக் கூடாது. ஒவ்வொரு பவளத்துலயும் மிக வெளிர்ந்த இடம் ஒண்ணு, மிகக் கருத்த இடம் ஒண்ணு, கிளை நுனியை விட்டுட்டு. 1ல இருந்து 6 வரைக்கும் எண் இருக்கு. 2 எண் மாறினாத்தான் பாசி நிஜமா குறைஞ்சிருக்கு அல்லது கூடியிருக்குன்னு எடுத்துக்கணும். ஒரு எண் மாறினா அது கண்ணோட பிழையாக்கூட இருக்கலாம்.

பதிவுத்தாள்ல 'வெளுத்தது' அப்படின்னு ஒரே பத்தி வைக்காதீங்க. நலம், மங்கல், ஒளிர்வு, முழு வெள்ளை ஆனா உயிரோட, புதுசா செத்தது, பழைய சாவுன்னு ஆறு பத்தி. 20 பவளத்துக்கும் எண் வில்லை கட்டி, பவளத்துல இல்லாம பக்கத்துப் பாறையில ஆணி அடிச்சு, அதே 20ஐ மூணு தடவையும் பாருங்க.

#19 தரவுமணி

ஒரு திருத்தம் மட்டும்: ஒவ்வொரு வரியிலும் நேரத்தையும் ஆழத்தையும் எழுதுங்கள், கருவியின் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வையுங்கள். செயற்கைக்கோள் தரவு அந்த நேரத்தில்தான் வருகிறது. பிறகு இரண்டையும் பொருத்தும்போது ஒரு நாள் தள்ளிப்போகாது.

#20 அலைவாய்

பத்தி ஆறு, காலம் மூன்று, நேரம் உலகப் பொது நேரம். மாற்றிவிட்டேன். கருவியை இரவு அளவுகளோடு ஓராண்டு ஒப்பிட்ட பிறகு திருத்திய வெப்ப வாரத்தை இதே இழையில் போடுகிறேன். அதுவரை 14 என்று நான் எழுதியதை யாரும் எடுத்துப் பயன்படுத்த வேண்டாம்.